கடை அளவுக்கு அடங்காத கதவுகள்

தை பிறந்து, கண்டி மலைச்சாரலில் மழை சற்று ஓய்ந்ததும், வீடு திருத்தும் வேலைகள் தலைகாட்டத் தொடங்கும். கூரையில் ஒழுக்குப் பார்த்தல், சுவருக்கு வர்ணம் பூசுதல், நிலத்தின் வெடிப்பை மூடுதல் என்று ஒவ்வொன்றாய் முடித்து வருகையில், கடைசியாக அறைக் கதவுகள் கண்ணிற் படும். ஒன்று கீழே உளுத்திருக்கும். மற்றொன்று மழைக்காலத்தில் இறுகி, வெயிற்காலத்தில் தானாகத் திறந்துகொள்ளும். “இவற்றை எடுத்துவிட்டுப் புதிதாய் நாலு கதவு வாங்கிப் போட்டால் என்ன?” என்று வீட்டிலே பேச்சு எழும். பேச்சு எளிது. கடைக்குச் சென்று, வழவழப்பான கதவொன்றைத் தெரிந்து, வீட்டுக்குத் திரும்பி அளவு பார்த்தபின்னரே, அது வீட்டின் எந்த அறைக்கும் பொருந்தாதென்பது புலனாகும். ஓரறை வாயில் அகலம் மிஞ்சியது. அடுத்தது உயரம் குறைந்தது. மூன்றாவதோ மேலே ஓரளவும் கீழே வேறோரளவுமாய் நிற்பது. பழைய வீட்டிற் குடியிருக்கும் நேயர்கள் பலருக்கும் இச்சங்கடம் நேர்ந்திருக்கும். ஆதலின் இவ்வாரம் அதுபற்றியே எழுதுகிறோம்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். நிலை என்பது சுவரோடு சேர்ந்து நிற்பது. கதவு என்பது அந்நிலையில் ஆடுவது. பேச்சில் இரண்டையுஞ் சேர்த்துக் கதவென்றே சொல்லிவிடுகிறோம். செலவும் ஆபத்தும் இவ்விரண்டினிடையே உள்ள வேறுபாட்டிலேதான் தங்கியிருக்கின்றன.

கண்டியிற் பழைய வீடு என்றால் ஒரேவகையன்று. நடுவே முற்றம் வைத்து, அதனைச் சூழ அறைகள் அமைத்த வளவு வீடுகள் சுற்றுக் கிராமங்களில் இன்னும் உள்ளன. வாவியைச் சுற்றிய சரிவுகளிலும் அம்பிட்டி, அஸ்கிரிய போன்ற பக்கங்களிலும் ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்கள் காணப்படும். திருகோணமலை வீதியென முன்னாளில் வழங்கிய டி. எஸ். சேனாநாயக்க வீதியிலும், கொழும்பு வீதியிலும், கீழே கடையும் மேலே குடியிருப்புமான நெடிய கட்டடங்கள் நிற்கின்றன. இவற்றுள் எதற்கும் கதவுகள் கடையிலிருந்து வந்தவையல்ல. தச்சர் வீட்டு வாசலிலேயே பட்டறை போட்டு, நிலையை முதலிற் செய்து நிறுத்துவார். மேசன் அதனை அணைத்துச் சுவரை எழுப்புவார். கதவு அதன்பின் அந்நிலைக்கென்றே சீவப்படும். மரம் எவ்வளவு நீளமாய்க் கிடைத்தது, அறை பூசையறையா களஞ்சியமா, வீட்டுக்காரர் மனையடி கணித்தவர் எவ்வளவு சொன்னார் என்பவற்றைப் பொறுத்தே அளவு அமைந்தது. மயமதத்தைத் தழுவிய ‘மாயிமதய’ என்னும் நூல் சிங்கள மக்களிடையே வழங்கியது போல, நம்மவரிடையே மனையடி சாஸ்திரம் வழங்கியது. ஒவ்வொரு மனைக்கும் கணக்கு வேறாகவே, வாயிலும் வேறாயிற்று.

இன்னொன்று: கட்டியபோது நேராய் நின்ற நிலை இன்றும் நேராய் நிற்கவேண்டுமென்பதில்லை. மலைச்சரிவில் எழுந்த வீடு நூறாண்டில் ஒருபக்கஞ் சிறிது அமிழும். சுவரோடு நிலையும் சாயும். கதவு மாத்திரம் ஆண்டுக்காண்டு சீவப்பட்டு, சாய்ந்த நிலைக்கேற்பத் தானுஞ் சாய்சதுரமாய் மாறியிருக்கும். அவ்வாறு மாறிய கதவைக் கழற்றித் தரையிற் கிடத்திப் பார்த்தால், வளைந்து பிறந்த பிள்ளை போலத் தோன்றும். நிலையில் மீண்டும் ஏற்றினாலோ ஒழுங்காகவே மூடும்.

இனிக் கடைக் கதவின் கதையைக் கேளுங்கள். கதவுக்கு ‘வழமையான அளவு’ என ஒன்று உண்டென்பது தொழிற்சாலை தந்த எண்ணம். முதலாம் உலகப் போருக்குப் பின், 1919ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின்கீழ் பிரித்தானியா பெருந்தொகையான வீடுகளைக் கட்ட முற்பட்டது. அதற்கு முன்பே, 1918இல் வெளியான டியூடர் வால்ட்டர்ஸ் அறிக்கை, கதவு, சாளரம் முதலியவற்றை ஒரே அளவினவாகச் செய்தாற் செலவு குறையுமென்று பரிந்துரைத்திருந்தது. இன்று பிரித்தானியாவிற் பெருவழக்கான உட்கதவு 6 அடி 6 அங்குல உயரமும் 2 அடி 6 அங்குல அகலமும் உடையது. அமெரிக்காவிலோ உயரம் 6 அடி 8 அங்குலம். ஆகவே அந்த ‘வழமை’கூட நாட்டுக்கு நாடு வேறு. நம் கடைகளிற் கிடைப்பவை பெரும்பாலும் ஏழடிக்கு உட்பட்ட உயரமும், இரண்டரை முதல் மூன்றடி வரை அகலமும் கொண்டவை. 1970களில் மெற்றிக் அளவை நாட்டுக்கு வந்தபோதிலும், தச்சர் நாவில் இன்றும் அடியும் அங்குலமுமே நிற்கின்றன. கடைச்சீட்டில் மில்லிமீற்றரும் தச்சர் வாயில் அங்குலமுமாய் இரண்டுங் கலந்து வரும்போது, கால் அங்குலப் பிழை மிக எளிதில் நுழைந்துவிடும்.

ஒரே அளவு என்பது தீதென்று நாம் சொல்லவில்லை. யப்பானில், பாய்க்கணக்கில் அறையை அளந்து கட்டும் வழக்கம் வேரூன்றியபின், ஒசாக்கா நகரின் வாடகை வீடுகளில் ஒரு விநோத ஏற்பாடு நிலவியது. வீட்டுக்காரர் வெறுங்கூட்டை மட்டுமே வாடகைக்கு விடுவார். குடிவருபவர் தம் பாய்களையும் இழுகதவுகளையும் தாமே கொண்டுவந்து பொருத்துவார். போகும்போது அவற்றைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் செல்வார். எல்லா வீடுகளுக்கும் அளவு ஒன்றாகவே, அது செல்லுபடியாயிற்று. அங்கே வீடும் கதவும் சேர்ந்தே ஒரு கணக்குக்குள் அடங்கின. நம் பழைய வீடுகளிலோ வீடு ஒரு கணக்கு, கடைக் கதவு இன்னொரு கணக்கு. இரண்டையும் எவ்வாறு இணக்குவது என்பதே கேள்வி.

“நிலையையும் எடுத்துப்போடுவோம் அம்மா. இரண்டு செங்கல் வரிசையை உடைத்தால் புது நிலை இருந்துவிடும். ஒருநாள் வேலை,” என்று வேலைக்கு வருபவர் சொல்வார். வீட்டுத் தலைவியும், “சரி பாஸ், நீங்கள் சொன்னாற் சரிதானே,” என்று இசைந்துவிடுவார். நம் கருத்தில், இவ்விடத்திலேதான் நிற்கவேண்டும். கடையில் ஒரு பொருள் ஆயத்தமாகக் கிடைக்கிறதென்பதற்காகச் சுவரை உடைத்தல் ஒருபோதுந் தகாது.

ஏனெனிற் கூறுவோம். இன்றைய சீமெந்துக் கட்டடத்தில் வாயிலின் மேற்பாரத்தைக் கம்பி வைத்த கொங்கிறீற்று விட்டமொன்று தாங்குகிறது. மேசன்மார் அதனை ‘லின்டல்’ என்பர். பழைய வீட்டிற் பல இடங்களில் அவ்விட்டம் வெறும் மரப்பலகை. அல்லது செங்கல்லால் வளைத்த கமான். பலகையின் இரு முனைகளும் சுவருக்குள் சில அங்குலமே புதைந்திருக்கும். வாயிலை இருபக்கமும் இரண்டிரண்டு அங்குலம் அகட்டினால், அப்பலகை தாங்குதற்கு இடமின்றி நிற்கும். கமானின் காலை வெட்டினால் கமானே அவிழும். வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவராயின், அந்த நிலைதான் சுவருக்கே எலும்பு. அதனைப் பிடுங்கினால் மண் தானாகச் சொரியும். சுண்ணாம்புச் சாந்தால் எழுந்த சுவர் மெதுவானது. உளியும் சம்மட்டியும் ஓரிடத்தில் அதிர, வெடிப்பு அடுத்த அறையில் தோன்றும். உடைத்த இடத்தை அழுத்தமான சீமெந்துச் சாந்தால் மூடினால், பழைய மெதுச்சுவருக்கும் புதிய வன்சாந்துக்கும் ஒட்டுறவு உண்டாகாமல், சில மாரிக்குள் அது தனியே பெயர்ந்து நிற்கும். ஒருநாள் வேலை என்றது ஒரு மாத வேலையாவது இப்படித்தான்.

நிலையைக் காத்துக்கொண்டு கதவை மட்டும் கவனிப்பதே வழியாயின், முதலில் உள்ள கதவு உண்மையிற் கெட்டுவிட்டதா என்று பார்க்கவேண்டும். எறியத்தக்கதென எண்ணிய கதவுகள் பலவற்றுள் ஒரு பகுதிதான் பழுதாயிருக்கும். கீழ்க் குறுக்குச் சட்டம் நிலங் கழுவும் நீரால் உளுத்ததாயின், அச்சட்டத்தை மாத்திரம் கழற்றிப் புதிதாய்ச் செய்து ஏற்றலாம். கதவு தொங்கித் தரையில் உரசுவதாயின், பெரும்பாலும் குற்றம் கதவினதன்று. மேற்பிணைச்சலின் திருகாணிகள் தளர்ந்துவிட்டன. பழைய துளைகளில் மரமுளை அடித்து, சற்று நீண்ட திருகாணி பூட்டினால் கதவு நிமிரும். எங்கே இறுகுகிறதென்று தெரியாவிட்டால், நிலையின் விளிம்பிற் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக் கதவை ஒருமுறை மூடித் திறவுங்கள். வெள்ளை ஒட்டிய இடமே சீவத்தக்க இடம். அதையும் ஆனி, ஆடி மழையிற் சீவலாகாது. ஈரத்தில் ஊதிய மரத்தைச் சீவினால், தையில் வற்றியபின் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும்.

கறையான் வேறு கதை. நிலையின் அடிக்கால் இரண்டையும் ஆணியாற் குத்திப் பாருங்கள். ஆணி தடையின்றி உட்சென்றால், புதுக்கதவு பற்றிய பேச்சை ஒத்திவைத்து, நிலையின் காலை வெட்டி நல்ல மரம் ஒட்டுதலையும், கறையான் வரும் வழியை அடைத்தலையும் முதலிற் செய்விக்கவேண்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டார் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். பழைய கதவுகளில் வர்ணம் படைபடையாக ஏறியிருக்கும். அடிப்படைகளில் ஈயங் கலந்த வர்ணம் இருக்கக்கூடும். அமெரிக்காவில் வீடுகளுக்கு அத்தகைய வர்ணம் பூசுவது 1978இல் தடைசெய்யப்பட்டது. இலங்கையில் வர்ணத்திலுள்ள ஈயத்துக்குச் சட்டவரம்பு 2013இலேதான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்திய வர்ணம் எதனையும் ஐயத்தோடு நோக்குதல் நன்று. அதனை உலர்ந்த நிலையில் மணற்றாளால் தேய்த்தாலும், தீச்சுவாலை காட்டி உரித்தாலும், ஈயம் தூசியாகவும் ஆவியாகவும் வீட்டுக்குட் பரவும். தவழும் குழந்தை அத்தூசியைக் கையால் தொட்டு வாயில் வைக்கும். சிறு அளவும் அதன் மூளை வளர்ச்சியைக் கெடுக்கவல்லது. கதவைக் கழற்றி வெளியே கொண்டுசென்று, நனைத்து ஈரத்தோடு தேய்க்கவேண்டும். உரிந்ததைத் துணி விரித்துச் சேர்த்து அகற்றவேண்டும். கருவுற்ற பெண்களும் சிறுவர்களும் அப்பக்கம் வரலாகாது. வர்ணம் உரியாது உறுதியாய் ஒட்டியிருந்தால், அதனைத் தொடாமல் மேலே புதிதாய்ப் பூசிவிடுவதே உத்தமம்.

திருத்த முடியாதென்று உறுதியானபின், நிலைக்கு அளவாகப் புதுக்கதவு செய்விப்பதே அடுத்தபடி. அளவெடுத்தலில் அவசரங் கூடாது. அகலத்தை மேலும் நடுவிலும் கீழுமாக மூன்று இடத்தில் எடுக்கவேண்டும். உயரத்தை இருபக்கமும் எடுக்கவேண்டும். பின்னர் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவும் எடுத்தல் அவசியம், அவ்விரண்டும் ஒத்திருந்தால் வாயில் நேர், ஒவ்வாவிட்டால் சாய்வு. தூக்குநூல் விட்டுப் பார்த்தால் எக்கால் எப்பக்கஞ் சரிந்ததென்பது தெரியவரும். நிலையிற் கதவு அமரும் பள்ளத்தின் ஆழத்தையுங் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கதவுகள் ஒன்றரை அங்குலக் கனமுடையனவாதல் கூடும். இன்று செய்பவர் மெல்லியதாய்ச் செய்துவிட்டால் கதவு பள்ளத்துக்குள் மூழ்கி நிற்கும். நிலம் ஒருபுறம் உயர்ந்திருந்தால், கதவு திறந்து செல்லும் வழி முழுவதும் உயரத்தைப் பார்க்கவேண்டும். மூடியிருக்கும் இடத்தில் மட்டும் பார்த்தாற் போதாது. எல்லாவற்றிலும் நம்பகமான வழி, பழைய கதவையே மாதிரியாகத் தச்சரிடம் ஒப்படைப்பது. அது இல்லையேல் மெல்லிய ஒட்டுப்பலகையை வாயிலில் வைத்து உருவம் வெட்டிக் கொடுக்கலாம்.

புதுக்கதவு எவ்வாறானதாக இருக்கவேண்டும்? சட்டங்களும் உட்பலகைகளுமாகச் செய்த பழைய முறைக் கதவே ஈரமிக்க மலைநாட்டுக்கு ஏற்றதென்போம். இதிற் பழைமைப் பற்று ஒன்றுமில்லை. மரம் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதேயில்லை. குறுக்குவாட்டிலோ ஈரத்தைக் குடித்து அகலும், வற்றிச் சுருங்கும். ஓரடி அகலப் பலகை மாரிக்கும் கோடைக்கும் இடையே எட்டிலொரு அங்குலம் மாறுதல் சாதாரணம். கதவு முழுவதையும் அகலப் பலகைகளை ஒட்டிச் செய்தால், அம்மாற்றமெல்லாங் கூடி, கதவு இறுகவோ வெடிக்கவோ செய்யும். சட்டக் கதவிலோ, நாற்புறச் சட்டங்கள் குறுகியவை. அவை துளையும் கழுந்துமாகப் பூட்டப்பட்டவை. உட்பலகை சட்டத்தின் தவாளிப்பினுள் பசையின்றிச் செருகப்பட்டுள்ளது. அது தன் இடத்திலேயே விரிந்து சுருங்கும், வெளியளவு மாறாது. தச்சர் பசை போடாது விட்டதைக் குறையென்று எண்ணி, பின்னாளில் ஆணியடித்து இறுக்குபவர்களைக் கண்டிருக்கிறோம். அவ்வாறு ஆணியடித்த பலகைதான் நடுவே பிளந்து போகிறது.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். தேக்கு சிறந்ததென்பதை எல்லாரும் அறிவர், விலையையும் அறிவர். கண்டிப் பகுதியில் ‘சப்பு’ என வழங்கும் சண்பக இன மரமும், மகோகனியும், பலாவும் உட்கதவுக்குப் போதியவை. பலா கறையானுக்கு இலகுவில் இடங்கொடாது. நாட்பட நாட்படப் பொன்னிறம் மங்கித் தேன்நிறமாகும். ஆனாற் சொந்தத் தோட்டத்துப் பலாவாயினும் எண்ணியவுடன் தறித்துவிட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் பெண்பனைக்கும் அனுமதி பெறவேண்டும். அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையங்களிலும் தனியார் மரக்காலைகளிலும் வாங்குபவர், மரம் நன்றாகக் காய்ந்ததா என்பதை விலைக்கு முன்னே விசாரித்தல் நன்று. காற்றிற் காய வைத்தால் ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. பச்சை மரத்தாற் செய்த கதவு, எவ்வளவு திறமையாய்ச் செய்திருப்பினும், அடுத்த வரட்சியிற் கோணிப்போகும். பழைய வீடு இடிக்கும் இடங்களிலிருந்து வாங்கிய மரம் இவ்வகையிற் கொடுத்துவைத்தது. அதற்கு இனிக் காய்வதற்கு ஒன்றுமில்லை. ஆணி ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாளை வைக்கவேண்டும்.

கடைக் கதவுக்கு இடமேயில்லையா? உண்டு. குளியலறைக்கும் கழிவறைக்கும் நீர்படாத பிளாஸ்டிக் கதவு பொருத்தமானது. பின்னாளிற் கட்டிச் சேர்த்த அறைகளுக்கும் அது தகும். வாயில் கடைக்கதவைவிட ஓரிரு அங்குலம் அகன்றிருந்தால், நிலையின் உட்புறமாக மெல்லிய சட்டம் ஒன்றைப் பதித்து இடைவெளியைக் குறைக்கலாம், சுவருக்குச் சேதமில்லை. உயரம் மிஞ்சினால், மேற்பகுதியைப் பலகையால் அடைத்துவிடாமல், காற்றுப் போவதற்கு மரச்சலாகை வைத்தல் நலம். பழைய வீடுகளிற் கதவின்மேல் பூவேலை செய்த துளைப்பலகை வைத்தது அழகுக்காக மாத்திரமன்று. ஈரக்காற்று அறையிற் தேங்காதிருப்பதற்கே. ஆனால் வாயில் சிறிதாகவும் கடைக்கதவு பெரிதாகவும் இருந்தால் கவனம் வேண்டும். உள்ளே அட்டைக்கூடு வைத்து இருபுறமும் ஒட்டுப்பலகை போர்த்த கதவுக்கு, விளிம்பிலே மாத்திரமே கட்டியான மரம் உண்டு. அதற்கு மேல் வெட்டினால், உள்ளிருக்கும் அட்டை வெளியே தெரியும். பூட்டும் பிணைச்சலும் பிடிக்க இடமிராது.

நிலையை உடைக்கலாகாதென்று மேலே உறுதியாகச் சொன்னோம். அதற்கு ஒரு விலக்கை நாமே ஒப்புக்கொள்கிறோம். பொருளுக்காகச் சுவரை உடைத்தல் தகாது. மனிதருக்காக உடைத்தல் தகும். வீட்டிலே முதியவர் ஒருவர் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டால், அவர் அறையை விட்டு வெளியே வரக்கூடியதாயிருத்தல் எந்தப் பழைய மரவேலையிலும் பெரிது. நாற்காலி தாராளமாகச் செல்வதற்குக் கதவு திறந்தபின் 32 அங்குலமேனும் வெளி வேண்டும். 2006ஆம் ஆண்டு நம் நாட்டில் வந்த அணுகும் வசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களைப் பற்றியவை; சொந்த வீட்டில் அதனைக் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டாரே.

ஆயினும் அளவுகோலை எடுத்துப் பார்த்தால் வியப்பொன்று காத்திருக்கும். 2 அடி 6 அங்குலக் கடைக்கதவு, திறந்து நின்றபின், கதவின் கனமும் நிலையின் விளிம்பும் போக, ஏறக்குறைய 28 அங்குலமே வழிவிடும். நாற்காலி தட்டும். பழைய வீட்டின் இரட்டைக் கதவோ, ஒன்றைத் திறந்தால் ஒடுக்கமெனினும், இரண்டையுந் திறந்தால் 36 அங்குலமும் அதற்கு மேலும் வழிதருவது உண்டு. அதுமட்டுமன்று, ஒவ்வொரு கதவும் அரையளவாதலால், ஒடுங்கிய நடையிலும் ஆளை இடியாமல் மடங்கும். இத்தகைய இரட்டைக் கதவை ‘வசதியில்லை’ என்று கழற்றி, உள்ளே சட்டம் பதித்து வாயிலைக் குறுக்கி, ஒற்றைக் கதவு போட்டவர்கள், பத்து ஆண்டு கழித்து அதே அறையிற் தாயாரை வைத்துக்கொண்டு திகைப்பதுண்டு. வாயில் உண்மையாகவே ஒடுக்கமாயின், சுவரைத் தொடுமுன் கதவை முற்றாகக் கழற்றித் திரைச்சீலை இட்டுப் பாருங்கள். அதனாலேயே ஒன்றரை அங்குலம் மிஞ்சும். அதுவும் போதாதெனின், அனுபவமுள்ள மேசனை அழைத்து, மேலே முட்டுக்கொடுத்து, புதிய விட்டம் ஏற்றிய பின்னரே வாயிலை அகட்டவேண்டும். நிலைப்படி உயர்ந்திருந்தால், அதனை வெட்டியெறிவதைவிட இருபுறமும் சரிவுப் பலகை இடுதல் மேல். அப்படிதான் நிலையின் இரு கால்களையும் கீழே பிணைத்திருப்பது.

பழைய கதவைக் கழற்றியவுடன் அதனை விலைக்குக் கேட்பவர் வருவார் என்பதையுஞ் சொல்லவேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குக் கதவுகளும் தூண்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிற் கடைகடையாய் அடுக்கியிருப்பதை அங்கே சென்ற நேயர்கள் கண்டிருக்கலாம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பிலே தம் சொந்த இல்லத்தில் அத்தகைய செட்டிநாட்டுத் தூண்களையும் பழைய கதவுகளையும் பொருத்தி வாழ்ந்தார். ஒருவர் ‘அளவில்லை’ என்று விற்றது, இன்னொருவர் தம் வீட்டின் அளவையே அதற்கேற்ப வகுத்துக் கட்டும் அளவுக்கு மதிப்புடையதாயிற்று. விற்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. பழங்கதவு ஒன்றைக் கொடுத்து, அந்தப் பணத்தில் அட்டைக்கதவு ஒன்றை வாங்குவது நல்ல வியாபாரமன்று என்றே சொல்கிறோம்.

இவ்விடயத்தில் நமக்கு முன்னே குரல் கொடுத்தவர் சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி. 1905இல் அவர் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதமொன்று எழுதினார். பழைய கட்டடங்களும் அவற்றைச் செய்யவல்ல கைவினைஞரும் புறக்கணிக்கப்பட்டு அழிவதை அதிலே எடுத்துக்காட்டினார். ஊருக்கு உபதேசஞ் சொல்லி ஓய்ந்தவர் அல்லர் அவர். இங்கிலாந்தில் புரோட் கம்டன் என்னும் கிராமத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்து சிதைந்து கிடந்த தேவாலயமொன்றை, இடியாமல், கட்டடக் கலைஞர் ஆஷ்பீயைக் கொண்டு திருத்தி, அதனையே இல்லமாக்கிக்கொண்டார். கண்டி நாட்டுத் தச்சு, கொல்லு, ஓவியம் முதலியவற்றை விரித்துரைக்கும் அவருடைய பெருநூல் 1907, 1908ஆம் ஆண்டுகளில் அவ்வீட்டிலேயே அச்சாயிற்று.

சட்டத்தைப் பற்றியுஞ் சிறிது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கருதுகிறது. அத்திகதி கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள். நம் வீடுகளில் மிகச் சிலவே அத்துணைப் பழையன. எனினும் கண்டி நகர் 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளது. ஆகையால் நகர எல்லைக்குட் பழங்கட்டடத்தின் சுவரையோ முகப்பையோ மாற்றுமுன், மாநகர சபையில் விசாரித்துக்கொள்ளுதல் வேண்டும். உள்ளே ஒரு கதவைத் திருத்துவதற்கு எவரும் கேள்வி கேட்கமாட்டார்.

முடிவாக வேலைக்காலத்திற் கவனிக்க வேண்டியவை. தச்சரோடு பேசும்போது மரம், கூலி, பிணைச்சல் பூட்டு, மெருகு ஆகிய நான்குக்கும் விலையைத் தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கனமான கதவுக்கு இரண்டு பிணைச்சல் போதாது, மூன்று வேண்டும். தை, மாசியில் ஏற்றும் கதவுக்குப் பக்கங்களில் எட்டிலொரு அங்குலம் இடைவெளி தாராளமாக விடச் சொல்லுங்கள். மழை வந்ததும் மரம் அதனை நிரப்பிக்கொள்ளும். வர்ணமோ மெருகோ பூசும்போது, கண்ணுக்குத் தெரியும் இரண்டு முகங்களோடு நிறுத்திவிடுவதே பலர் வழக்கம். கதவுக்கு முகம் ஆறு. மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பூசப்படாதிருந்தால் ஈரம் அவ்வழியே ஏறும். கீழ் விளிம்பைக் கதவு ஏறியபின் பூச முடியாது. ஆகவே தூக்கி நிறுத்துமுன்னே பூசவேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கதவுகளை ஒரே நாளிற் கழற்றுபவர், ஒவ்வொன்றின் மேல் விளிம்பிலும் அறையின் பெயரையும் இடம், வலம் என்பதையும் பென்சிலால் எழுதிவைக்கவேண்டும். நிலையிலும் அதே குறியை இடவேண்டும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலிருந்தாலும், பழைய கதவுகள் ஒன்றின் நிலையில் மற்றொன்று ஏறா. கழற்றிய பிணைச்சல், தாழ்ப்பாள், திருகாணி யாவற்றையும் அறைவாரியாகத் தனித்தனிப் போத்தலில் இட்டு மூடிவையுங்கள். பித்தளையாயின், புளியும் உப்பும் இட்டுத் துலக்கினாற் போதும்.